காற்று வாயிலில் ஓர் இலையான்

1981 ஆம் ஆண்டில் ரொபின்சன் என்னும் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் ஒருவர், பாலிலே ஏறத்தாழ 500 பற்றீரியாக்களைக் கலந்து தாமே அருந்தினார். கம்பைலோபக்டர் எனப் பெயரிய அந்தப் பற்றீரியா ஒரு மனிதனை நோய்ப்படுத்த எத்தனை வேண்டும் என்பதை அறிவதே அவர் நோக்கமாயிருந்தது. விடை சில நாள்களிற் கிடைத்தது. வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் அவரைப் பற்றிக்கொண்டன. தம் உடலையே ஆய்வுகூடமாக்கிய அவருடைய துணிவு போற்றற்குரியது. ஆயினும் அத்துணிவிலும் பார்க்கச் சிந்தனைக்கு உரியது அந்த எண்ணாகும். நுண்ணங்கிகளை இலட்சக் கணக்கிலும் கோடிக் கணக்கிலும் எண்ணிப் பழகிய ஆய்வாளருக்கு 500 என்பது ஒரு தொகையாகவே தோன்றாது. ஓர் இலையானின் குடலிலும் கால் மயிர்களிலும் அத்தனை கிருமிகளும் எளிதில் இடங்கொள்ளும்.

இலையானை அறியாத மனிதன் இல்லை. அதனை ஒரு பொருளாக மதித்தவர் மிகச் சிலர். உண்ணும் உணவிலே வந்து அமர்ந்தால் கையை வீசிக் கலைப்பதும், அது ஒரு வட்டமிட்டு மீண்டும் வந்து அமர்வதும், மீண்டும் கலைப்பதும் உலகெங்கும் ஒரே வகையாக நிகழ்வன. கலைத்தவுடன் அது மறக்கப்படுகிறது. எங்கிருந்து வந்தது, எதன்மேல் இருந்துவிட்டு வந்தது என்னும் கேள்விகள் எழுவதில்லை. இகழ்ச்சி வேறு, அவதானம் வேறு. இகழப்படும் பொருளை எவரும் உற்றுநோக்குவதில்லை என்பதற்கு இலையானைப் போல ஓர் உதாரணம் கிடைத்தல் அரிது. இந்த அவதானக் குறைவுக்கு மனிதன் கொடுத்த விலை எத்தகையது என்பதைப் படைமுகாம்களின் வரலாறும், அதனிலும் தெளிவாகக் கோழிப்பண்ணைகளின் வரலாறும் காட்டுகின்றன.

1898 ஆம் ஆண்டில் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது ஐக்கிய அமெரிக்காவின் படைமுகாம்களில் நெருப்புக் காய்ச்சல் பரவியது. பகைவரின் குண்டுகளால் மாண்டவர்களிலும் பார்க்க நோயினால் மாண்ட வீரர்களே அதிகமாயினர். காரணத்தை ஆராய வோல்ற்றர் றீட் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மலக்குழிகளிலே தூவப்பட்ட வெண்சுண்ணாம்பைக் கால்களிற் சுமந்தவண்ணம் உணவுக் கூடாரங்களில் நடந்து திரிந்த இலையான்கள் அக்காலத்தில் அவதானிக்கப்பட்டன. குழிக்கும் கூடாரத்துக்கும் இடையிலிருந்த பாதையை அந்த வெண்புள்ளிகள் கண்ணுக்குப் புலனாக்கின. நோயைச் சுமக்கும் இலையான் எப்பொழுதும் இவ்வாறு அடையாளமிட்டு வருவதில்லை என்பதே பின்னர் எழுந்த இடர்ப்பாடுகளுக்கெல்லாம் மூலமாயிற்று.

இலையானின் வாழ்க்கைமுறையே அதனைச் சிறந்த சுமையாளாக ஆக்கிவிடுகிறது. அது முட்டையிடுவது எருவிலும் அழுகற் பொருள்களிலுமாம். வெப்பமான காலத்தில் அம்முட்டை ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள்களுக்குள் நிறையுடலியாகிவிடும். அதற்குக் கடிக்கும் வாய் இல்லை. திரவத்தையே உறிஞ்ச இயலும். ஆகையால் திண்மமான உணவின்மீது தான் முன்னர் உண்டதைச் சிறிது கக்கி, அதனைக் கரைத்தே உறிஞ்சுகிறது. உண்ணும்போதே எச்சமும் இடுகிறது. எனவே காலினாலும் மயிரினாலும் சுமப்பது ஒருபுறமிருக்க, வாயினாலும் குடலினாலும் சுமப்பதும் உண்டு. எருக்குவியலையும் உணவையும் ஒரே நாளிற் பலமுறை மாறிமாறி நாடும் உயிர் இதனைப் போல வேறொன்று மனிதனின் அயலில் இல்லை எனலாம்.

இனி, கோழிப்பண்ணை இவ்வரலாற்றினுள் வந்தவாற்றை நோக்குதல் வேண்டும். கம்பைலோபக்டர் நெடுங்காலம் கால்நடை வைத்தியர்களுக்கு உரிய பொருளாகவே கருதப்பட்டது. 1977 ஆம் ஆண்டில் மார்ட்டின் ஸ்கிறோ என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், வயிற்றோட்டத்தால் வருந்திய 803 நோயாளரைச் சோதித்து, அவருள் 57 பேரிடம் இப்பற்றீரியா இருத்தலைக் கண்டு வெளியிட்டார். அதுவரை காரணம் அறியப்படாதிருந்த வயிற்றோட்டங்களுட் பலவற்றிற்கு அன்றுதான் ஒரு பெயர் கிடைத்தது. 2005 ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களுள் மிகுதியாக அறிக்கை செய்யப்படுவது இதுவே. பெரும்பாலார் ஒரு கிழமையிற் குணமடைகின்றனர். ஆயினும் ஆயிரத்தில் ஒருவர் அளவில், நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கியேன்–பாரே நோய்க்கு ஆளாகின்றனர்.

இந்த நோயின் பெரும் ஊற்று கோழியாகும். கோழியின் உடல் வெப்பம் 41 தொடக்கம் 42 பாகை செல்சியஸ்; கம்பைலோபக்டர் செழித்து வளர்வதும் அவ்வெப்பத்திலேயே. கோழிக்கு இதனால் வெளிப்படையான நோய் ஏதும் பெரும்பாலும் உண்டாவதில்லை. அது உண்கிறது, வளர்கிறது, எடை கூடுகிறது. பண்ணையாளரின் கண்ணுக்கு ஒரு குறையும் புலப்படுவதில்லை. நோயுற்ற கோழியை ஒதுக்கிவிடலாம். நலமாகத் தோன்றும் கோழியை எதனைக் கொண்டு ஒதுக்குவது? கண்ணாற் காண இயலாத ஒன்றைத் தடுக்கும் பொறுப்பு, கண்ணை நம்பியே தொழில் புரியும் ஒரு மனிதனின் தலையில் விழுகிறது.

டென்மார்க் நாட்டின் இறைச்சிக்கோழிப் பண்ணைகளில் இந்த நிலை மிகத் தெளிவாகத் தோன்றியது. குளிர்நாடாகையால் அங்குக் கோழிகள் வளர்வது நாற்புறமும் மூடிய கொட்டில்களிலேயே. பொரித்து வரும் குஞ்சுகளிடம் கம்பைலோபக்டர் பொதுவாகக் காணப்படுவதில்லை. கொட்டில் கழுவப்பட்டுக் கிருமிநீக்கப்பட்டுப் புதிய படுக்கை இடப்பட்ட பின்னரே குஞ்சுகள் உள்ளே விடப்படுகின்றன. வாயிலில் நுழைவோர் சப்பாத்தை மாற்றுகின்றனர், கையைக் கழுவுகின்றனர். அவ்வாறிருந்தும் இரண்டு மூன்று கிழமைகள் கழிந்தபின் திடீரெனக் கிருமி தோன்றிவிடும். தோன்றிய சில நாள்களுக்குள் கொட்டிலிலுள்ள கோழிகளுட் பெரும்பாலானவற்றைப் பற்றிக்கொள்ளும். இன்னுமொரு புதிர்: குளிர்காலத்தில் அரிதாகவும் கோடையில் மிகுதியாகவும் இது நிகழ்ந்தது.

கிருமி எவ்வழியாக வந்தது என்னும் கேள்விக்கு எளிதாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு: உள்ளே போன மனிதன் கொண்டு போயிருக்கிறான் என்பதே அது. சப்பாத்தைச் சரியாக மாற்றவில்லை, கையைச் சரியாகக் கழுவவில்லை என்று பண்ணையாளரைக் குற்றஞ்சாட்டுவது எவருக்கும் இலகுவானது. அக்குற்றச்சாட்டை மறுப்பதற்கு அவரிடம் சான்று இல்லை. அவர் மேலும் ஒருமுறை கழுவுவார். மேலும் ஒரு வாளி கிருமிநாசினி வைப்பார். அடுத்த கோடையில் கிருமி மீண்டும் வரும். தாம் செய்யாத பிழைக்குத் தாமே ஐயுறவு கொள்ளும் நிலை மனிதனுக்கு நேரும் துன்பங்களுட் கொடியது.

பிர்தே ஹால்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இப்புதிரை வேறொரு பக்கமாக அணுகினர். மனிதன் நுழையும் வாயில் ஒன்றுதான் கொட்டிலுக்கு உண்டா? மூடிய கொட்டிலில் ஆயிரக்கணக்கான கோழிகள் மூச்சுவிட வேண்டுமாயின் வெளிக்காற்று இடையறாது உள்ளே இழுக்கப்படல் வேண்டும். விசிறிகள் காற்றை இழுக்கும்போது காற்றில் உள்ளவற்றையும் சேர்த்தே இழுக்கின்றன. கோடை வெப்பம் ஏற ஏறக் காற்றின் தேவையும் ஏறுகிறது; வெளியே இலையான்களும் அக்காலத்திலேயே பெருகுகின்றன. 2004 ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் ஆய்வில், ஒரு கொட்டிலின் வெளியே பிடிக்கப்பட்ட 49 இலையான்களுள் நான்கு, அதாவது 8.2 சதவீதம், கம்பைலோபக்டரைக் கோழிகளுக்குக் கடத்தவல்லனவாயிருந்தன. காற்று வாயில்களினூடாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான இலையான்கள் உட்புகுந்தமையும் கணிக்கப்பட்டது. சப்பாத்தை மாற்றுமாறு இலையானுக்கு எவரும் விதி எழுதியிருக்கவில்லை.

இலையானிடம் கிருமி இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. இலையானே கிருமியைக் கொண்டுவந்தது என்று நிறுவுவது மற்றொன்று. கோழியிடமிருந்தே இலையான் கிருமியைப் பெற்றிருக்கலாம் அன்றோ? இவ்வையத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே. இலையானை மட்டும் தடுத்து, ஏனையவற்றை இருந்தவாறே விட்டு, விளைவை நோக்குதல் வேண்டும். 2006 ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் அதனையே செய்தனர். சில கொட்டில்களின் காற்று வாயில்களுக்கு வலையிட்டனர். வேறு சிலவற்றை வழக்கம்போல் விட்டனர். வலையற்ற கொட்டில்களிற் கோழித்தொகுதிகளுள் 51.4 சதவீதமானவை கிருமியுற்றன. வலையிட்ட கொட்டில்களில் அத்தொகை 15.4 சதவீதமே. 2007 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, வயலிலே நடத்தப்பட்ட எளிய பரிசோதனை ஒன்று எத்துணைத் தெளிவான விடையைத் தரவல்லது என்பதற்கு நல்ல சான்றாகும்.

இவ்விரு எண்களையும் நேர்மையோடு வாசித்தல் அவசியம். 15.4 என்பது சுழியம் அன்று. நீர், எலி, கருவிகள், மனிதரின் சப்பாத்து ஆகிய பழைய வழிகள் இன்னும் திறந்தே உள்ளன என்பதை அது உணர்த்துகிறது. ஆகவே கைகழுவுதலும் சப்பாத்து மாற்றுதலும் வீணென்று எவரும் கொள்ளலாகாது. ஆனால் இரு எண்களுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடு பண்ணையாளரின் சோம்பலுக்கு உரியதன்று. அது வலையின் கண்களில் வந்து மோதித் திரும்பிய இலையான்களுக்கு உரியது. நெடுங்காலமாக மனிதன்மீது சுமத்தப்பட்ட பழியின் ஒரு பெரும் பகுதியை அந்த வலை இறக்கி வைத்தது என்றே சொல்லலாம்.

கம்பைலோபக்டரோடு இக்கதை முடிவதில்லை. முட்டையின் வழியாக மனிதரை அடையும் சல்மொனெல்லா என்ரெறிற்றிடிஸ் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. இப்பற்றீரியா கோழியின் சூலகத்தைப் பற்றி, ஓடு உடையாத முட்டையினுள்ளேயே புகவல்லது. 2007 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் ஹோல்ற்றும் அவர் குழுவினரும், இக்கிருமி ஊட்டப்பட்ட கோழிகள் இருந்த அறைகளில் இலையான்களை விட்டுப் பார்த்தனர். 48 மணித்தியாலத்தில் இலையான்களுள் 40 தொடக்கம் 50 சதவீதமானவை கிருமியைப் பெற்றிருந்தன. வெறும் நீராற் கழுவியபோது அவற்றின் உடலிலிருந்து கிருமி எளிதில் வெளிவரவில்லை. சவர்க்காரத் தன்மையுள்ள கரைசல் சேர்த்துக் கழுவியபோதே வெளிவந்தது. இலையானின் உடலோடு கிருமி கொள்ளும் பிணைப்பு எண்ணியதிலும் இறுக்கமானது என்பதை இது காட்டியது.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு மேலும் சுவையானது. கிருமியுற்ற இலையான்களைக் கோழிகளுக்கு உணவாகக் கொடுத்தபோது மூன்றிலொரு பங்குக் கோழிகளின் குடலிற் கிருமி குடியேறியது. அத்தகைய இலையான்களை நலமான கோழிகள் இருந்த அறையிற் பறக்கவிட்டபோதோ ஒரு கோழிக்கேனும் தொற்றவில்லை. இலையான் வந்து அமர்வதிலும் பார்க்க, அதனைக் கோழி கொத்தித் தின்பதே இங்கு ஆபத்தாகிறது. பூச்சியைக் கொத்தித் தின்பது கோழியின் இயற்கை. முற்றத்திலே திரிந்த காலம் முதல் அதற்கு உணவாக அமைந்த ஒன்று, ஆயிரக்கணக்கிற் கோழிகளை நெருக்கி வளர்க்கும் கொட்டிலினுள் நோயின் வாகனமாக மாறிவிட்டது.

பறக்கும் இலையானை வலை தடுக்கும். கொட்டிலின் உள்ளேயே குடியிருக்கும் பூச்சியைத் தடுப்பது அவ்வளவு இலகுவன்று. அல்பிற்றோபியஸ் டயப்பெரினஸ் என்னும் சிறு கருவண்டு அத்தகையது. ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் நீளமான இவ்வண்டு களஞ்சியத் தானியங்களிலும் வாழ்வது. கோழிக்கொட்டிலின் வெப்பமும், படுக்கையிலே சிந்திய தீனியும், எச்சமும் அதற்குப் பெருவாழ்வு அளித்தன. அதன் குடம்பிகள் கூட்டுப்புழுவாகும் பருவத்திற் சுவர்களின் வெப்பங்காப்புப் பொருளைத் துளைத்துட் புகுகின்றன. கோழிகள் விற்கப்பட்டு, படுக்கை அள்ளப்பட்டு, கொட்டில் கழுவப்படும்போது அவை சுவரினுள் பாதுகாப்பாக இருக்கின்றன. புதிய குஞ்சுகளுக்காக மீண்டும் சூடேற்றப்பட்டதும் வெளியே வருகின்றன. குஞ்சுகள் அவற்றைக் கொத்துகின்றன. பழைய தொகுதியிலிருந்த கிருமி புதிய தொகுதிக்குக் கைமாறுவதற்கு இவ்வண்டு ஒரு பாலமாகலாம் என்பதை ஆய்வுகூடப் பரிசோதனைகள் உணர்த்தியுள்ளன.

இதே வண்டின் குடம்பியை மனித உணவாக விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டில் அனுமதி அளித்தமை ஈண்டு நோக்கற்பாலது. தூய தீனியில், கண்காணிப்பின்கீழ் வளர்க்கப்படும்போது அது புரதம் மிக்க உணவு. எச்சம் நிறைந்த படுக்கையில் வளரும்போது அது நோய்க்காவி. பூச்சி ஒன்றே, இடந்தான் வேறு. நோய்க்காவி என்னும் பெயர் ஓர் உயிரின் பிறவிக்குணத்தைக் குறிப்பதன்று, அது வாழ நேர்ந்த சூழலைக் குறிப்பது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலையான் உள்ளே வருவதோடு வெளியேயும் செல்கிறது. கோழிப்பண்ணைகள் செறிந்த அமெரிக்க டெல்மார்வாக் குடாநாட்டில், பண்ணைகளின் அயலிற் பிடிக்கப்பட்ட இலையான்களிடம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்கள் காணப்பட்டதாக 2009 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தெரிவித்தது. மருந்துகளுக்கு அடங்காமை பண்ணையிலே எவ்வாறு விளைகிறது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. கோழிகளுக்குக் கொடுக்கப்பட்டுவந்த என்றோபுளொக்சசின் என்னும் மருந்தின் காரணமாக, மனிதருக்கு அவசியமான அதே இன மருந்துகளுக்கு அடங்காத கம்பைலோபக்டர் பெருகுகிறது என்று கண்டு, ஐக்கிய அமெரிக்கா 2005 ஆம் ஆண்டில் அதனைக் கோழிகளுக்குப் பயன்படுத்தும் அனுமதியை மீட்டுக்கொண்டது. பண்ணையின் கணக்கேட்டில் மருந்து ஒரு செலவினமாக எழுதப்பட்டு அங்கேயே முடிந்துவிடலாம். அதன் பின்விளைவோ சிறகு பெற்று வேலியைக் கடந்து விடுகிறது.

இவ்வளவும் கேட்டவர் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம் நஞ்சு தெளித்து இலையானை ஒழித்துவிடலாம் என்பதே. மனிதன் அதனையும் முயன்று பார்த்திருக்கிறான். டீ.டீ.ரி. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்பதை 1939 ஆம் ஆண்டிற் கண்ட போல் முல்லர் 1948 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசு வழங்கப்படுவதற்கு முன்னரே, சுவீடனிலும் இத்தாலியிலும் அந்நஞ்சுக்கு அஞ்சாத இலையான்கள் தோன்றிவிட்டன. பத்து நாளுக்கொரு தலைமுறை காணும் உயிரோடு நஞ்சினாற் போர் தொடுப்பவன், தன் பகைவனைத் தானே பயிற்றுவிக்கிறான். எஞ்சிய ஒன்றிரண்டின் வழித்தோன்றல்களே அடுத்த படையாக வருகின்றன. வலைக்கு எதிராக அத்தகைய எதிர்ப்பாற்றல் எளிதில் உண்டாவதில்லை; துளையிலும் பெரிய உடலையுடைய உயிர் துளையினூடாகச் செல்ல இயலாது.

எனினும் டென்மார்க்கின் வலையை அவ்வாறே எடுத்துவந்து எங்கும் கட்டிவிடலாம் என்று எண்ணுதல் பொருந்தாது. நுண்ணிய கண்களையுடைய வலை காற்றையும் தடுக்கும்; தூசு படிந்தால் மேலும் தடுக்கும். வெப்பத்தாற் கோழிகள் மடியாதிருக்க வேண்டுமாயின் வலையின் பரப்பு அகன்றிருத்தலும் அது அடிக்கடி துப்புரவாக்கப்படுதலும் வேண்டும். வெப்பநாடுகளின் கொட்டில்களோ பெரும்பாலும் பக்கங்கள் திறந்து, கம்பிவலை அடிக்கப்பட்டவை. கம்பிவலை நாயையும் கீரியையும் தடுக்கும். இலையானுக்கு அது அகலத் திறந்த வாயில். ஆண்டு முழுவதும் கோடையாக இருக்கும் நிலங்களில் இலையானுக்கு ஓய்வுகாலமும் இல்லை. அங்குப் போராட்டம் தொடங்க வேண்டிய இடம் எருக்குவியலே. படுக்கையாக இட்ட உமியும் மரத்தூளும் நனையாமற் காத்தல், நீர்த்தொட்டியின் ஒழுக்கை அன்றன்றே அடைத்தல், இறந்த கோழியைத் தாமதியாது அகற்றிப் புதைத்தல், எருவைக் கொட்டிலின் அருகே குவித்து வைக்காமை ஆகியவை பெருஞ்செலவு வேண்டாதவை. ஈரமில்லாத எருவில் இலையானின் குடம்பி வாழ்வதில்லை.

இவற்றை ஒருநாட் செய்தல் இலகு; நாள்தோறும் செய்தலே அரிது. அதிகாலையில் எழுந்து, எவரும் காணாத ஒரு மூலையில் நனைந்த உமியை அள்ளி அகற்றும் மனிதனின் உழைப்பு எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அவன் அதனைச் செய்ததனால் நோயுறாதிருந்த குழந்தை எது என்பதை அவனும் அறியான். அக்குழந்தையின் பெற்றோரும் அறியார். பொதுச் சுகாதாரம் எனப்படுவது பெரும்பாலும் இத்தகைய, நன்றி பெறாத உழைப்புக்களின் தொகுதியே. அவ்வுழைப்பு தவறியபோது மட்டும் உழைத்தவனின் பெயர் தேடப்படுகிறது. அதன் பின்னரும் ஒரு காவல் எஞ்சியுள்ளது. அது அடுக்களையில் இருக்கிறது. பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வேறு உணவுக்குப் பயன்படுத்தாமையும், இறைச்சியை உள்ளளவும் வேகவைத்தலும் அக்காவலாம்.

டென்மார்க்கின் ஆய்வாளர் செய்தது ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்ததன்று. எல்லாரும் அறிந்த ஓர் இலையானை, எல்லாரும் கண்ட ஒரு காற்றுத் துவாரத்தினூடாகப் பின்தொடர்ந்து சென்றதே அவர் செய்தது. மனிதனைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரணை முடிந்துவிட்டதாக எண்ணப்பட்ட இடத்தில், இன்னொரு வாயிலும் இருக்கிறதே என்று அவர் கேட்டார். இலையான் தானாக ஒரு கிருமியையும் படைப்பதில்லை. ஓரிடத்தில் விடப்பட்டிருந்ததை மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்கிறது. அடுத்த முறை உணவின்மீது வந்து அமரும் இலையானைக் கலைக்க உயரும் கை ஒரு கணம் தயங்கி, அது எங்கிருந்து வந்ததென்று வினவுமாயின், விடை பெரும்பாலும் அண்மையிலேயே, மனிதன் கைவிட்ட ஏதோ ஒரு குவியலிலே கிடைக்கும்.